மதச்சார்பற்ற அரசு என்றாலே சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பா?

சென்னைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது: "பிரான்ஸ், துருக்கி, இந்தியா மூன்றும் தங்களை மதச்சார்பற்ற நாடுகள் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் சிறுபான்மை மதத்தினரை மூன்றும் மூன்று விதமாக நடத்துகின்றன. மதத்தையும் அரசையும் பிரித்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று படித்தோமே, ஏன் தீரவில்லை? தேசியம்தான் காரணமா? தமிழ்நாடு இதில் விதிவிலக்கு என்று சொல்கிறார்களே, அது சரியா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் மதச்சார்பின்மை என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து, அங்கே சிறுபான்மையினர் எப்படி வாழ்கிறார்கள் என்று கணிக்க முடியாது. அந்த நாடு தன்னை யாருடைய நாடு என்று நினைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த மண் ஒரு குறிப்பிட்ட மக்களுக்குச் சொந்தம், மற்றவர்கள் குடியிருக்க வந்தவர்கள் என்ற எண்ணம் ஊறிப்போன இடத்தில், மதச்சார்பின்மையும் வீட்டுக்காரர் பக்கமே நிற்கும். குடியிருப்பவர் மாதம் தவறாமல் வாடகை கொடுத்தாலும், சுவரில் ஓர் ஆணி அடிக்க அனுமதி கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

துருக்கியைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 1923-இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. ஏறத்தாழ 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக வேண்டியதாயிற்று. முன்பே ஓடிப்போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று எதை வைத்துப் பிரித்தார்கள்? மொழியை வைத்து இல்லை, மதத்தை வைத்து. அனடோலியாவின் உள்பகுதிகளில் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அந்த மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதி வந்தவர்கள். அவர்களைக் கிரேக்கர்கள் என்று கப்பலேற்றினார்கள். கிரீட் தீவில் கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் துருக்கியர்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த ஊரின் பேச்சு இரு தரப்புக்கும் புரியவில்லை.

அடுத்த ஆண்டு, 1924 மார்ச் 3 அன்று, துருக்கி நாடாளுமன்றம் கலீபா பதவியை ஒழித்தது. உலகமே அதைப் பெரிய மதச்சார்பற்ற புரட்சி என்று பார்த்தது. அதே நாளில் 'தியானத்' என்ற மத விவகாரத் துறையையும் அந்த அரசு ஏற்படுத்தியது. இமாம்களுக்குச் சம்பளம் கொடுப்பது, பள்ளிவாசல்களை நிர்வகிப்பது எல்லாம் இந்தத் துறையின் வேலை. ஆனால் சன்னி இஸ்லாத்தின் ஒரு மரபுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. இஸ்லாத்தின் இன்னொரு பிரிவினரான அலெவி மக்களின் வழிபாட்டுக் கூடங்களைச் சட்டம் வழிபாட்டுத் தலமாக ஏற்கவில்லை. 1928-இல் 'அரசின் மதம் இஸ்லாம்' என்ற வரியை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். 1937-இல் மதச்சார்பின்மையை எழுதிச் சேர்த்தார்கள். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1942-இல் போர்க்காலச் சொத்து வரி ஒன்று வந்தது. சட்டத்தின் வாசகத்தில் மதம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் வரியை நிர்ணயித்த குழுக்கள் கிரேக்க, ஆர்மீனிய, யூத வணிகர்களுக்கு முஸ்லிம் வணிகர்களைவிடப் பல மடங்கு போட்டன. கட்ட முடியாதவர்களின் கடையும் வீடும் ஏலத்துக்குப் போயின. பலரை அஷ்காலே என்ற குளிர்ப் பிரதேசத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். 1955 செப்டம்பரில் இஸ்தான்புல் கிரேக்கர்களின் கடைகளையும் தேவாலயங்களையும் கும்பல்கள் சூறையாடின. 1971-இல் ஹால்கி தீவிலிருந்த ஆர்த்தடாக்ஸ் குருமடம் மூடப்பட்டது. இத்தனையும் மதச்சார்பற்ற அரசியல் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான் நடந்தன. தொழுகைக்கே போகாத ஒரு துருக்கியர் தேசத்தின் பிள்ளையாக இருந்தார். பல தலைமுறையாக அதே தெருவில் வாழ்ந்த ஆர்மீனியர் சந்தேகத்துக்குரியவராகவே இருந்தார். நம்பிக்கை போன பிறகும் மதம் ஓர் இன அடையாளமாக அங்கே நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

பிரான்ஸின் கதை வேறு. அதைத் துருக்கியோடு சேர்த்து எழுதுவது நியாயமில்லை. 1789 டிசம்பரில் புரட்சி மன்றத்தில் அதன் உறுப்பினர் கிளேர்மோன்-தோனேர் பேசியபோது, யூதர்களுக்கு ஒரு தனி மக்களாக எதுவும் தரக் கூடாது, தனிமனிதர்களாக எல்லாமே தர வேண்டும் என்றார். இன்றைய பிரெஞ்சு அரசின் மனமும் ஏறக்குறைய இதுதான். குடியுரிமையை முழுதாகக் கொடுக்கிறது. பதிலுக்கு, உன் மதத்தை வெளியே காட்டாதே என்று கேட்கிறது. 1905-ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. அரசியலில் பெரும் செல்வாக்கு வைத்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியிலிருந்து குடியரசை மீட்கவே அந்தச் சட்டம் வந்தது. அதன் குறி வலியவர்கள் மீது இருந்தது. நூறாண்டு கழித்து, 2004-இல், அதே கொள்கையின் பெயரால் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான மதச் சின்னங்களைத் தடை செய்தபோது அடி விழுந்தது, வடஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களின் மகள்கள் மீது. தலைப்பாகை கட்டிய சீக்கிய மாணவர்களும் வெளியேற வேண்டியிருந்தது. 2023-இல் அபாயா எனும் நீண்ட அங்கியும் பள்ளியில் கூடாது என்றானது.

எல்லோருக்கும் ஒரே விதிதானே, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்பார்கள். 1905-க்கு முன் கட்டப்பட்ட தேவாலயங்களில் பெரும்பாலானவை அரசுக்கும் ஊராட்சிகளுக்கும் சொந்தம். அவற்றின் பராமரிப்புச் செலவு பொதுப்பணத்தில் நடக்கிறது. பிரான்ஸின் 11 பொது விடுமுறைகளில் 6 கத்தோலிக்கப் பண்டிகைகளிலிருந்து வந்தவை. முஸ்லிம்கள் பெருமளவில் குடியேறியது அந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் பின்பு. அவர்களுக்கு அப்படி ஒரு பூர்விகச் சொத்து கிடையாது. பெரும்பான்மையின் பழைய மதம் அங்கே பாரம்பரியமாக, கலையாக, விடுமுறையாக மாறிக் கண்ணில் படாமல் கரைந்துவிட்டது. சிறுபான்மையினரின் மதம் மட்டும் 'மதமாக'த் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே பாரிஸில், லா ஷப்பெல் பகுதித் தெருக்களில் ஈழத்தமிழர்கள் ஆண்டுதோறும் விநாயகர் தேர் இழுக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள். அரசு தடுக்கவில்லை. ஆகவே பிரெஞ்சு முறை மதத்தைக் கண்டாலே பாயும் முறை என்று எழுதிவிடாதீர்கள். எந்த மதத்தைத் தேசத்துக்கு ஆபத்து என்று ஒரு காலம் நினைக்கிறதோ, அதன் மீதுதான் அந்த விதி இறுகுகிறது.

இங்கிலாந்தை ஒரு வரியில் சொல்லிக் கடக்கலாம். அங்கே அரசர்தான் திருச்சபைக்கும் தலைவர். பிரபுக்கள் அவையில் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. மதச்சார்பற்ற நாடு என்று அதைச் சொல்லவே முடியாது. ஆனாலும் 1976-இலேயே தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலிருந்து விலக்கு கொடுத்தது அந்த நாடு. 2022-இல் ஓர் இந்து பிரதமரானார். கத்தோலிக்கர்கள் 1829 வரையும் யூதர்கள் 1858 வரையும் நாடாளுமன்றத்துக்குள் நுழையக் காத்திருந்த அதே நாடுதான் இது. சட்டத்தில் திருச்சபையின் இடம் மாறவில்லை. நாடு தன்னை யார் என்று நினைக்கிறது என்பது மாறியது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1947-இல் பிரிவினை நடந்து ரத்தம் காயாத நேரத்தில்தான் நம் அரசியல் நிர்ணய சபை சிறுபான்மையினர் உரிமை பற்றிப் பேசியது. அந்தச் சூழலைத் தவிர்த்துவிட்டு அந்த விவாதங்களைப் படிக்கக் கூடாது. சென்னை மாகாணத்திலிருந்து போன முகமது இஸ்மாயில் சாகிப், நாம் காயிதே மில்லத் என்று அழைப்பவர், தனித்தொகுதி, அதாவது முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை, வேண்டும் என்று அங்கே வாதாடினார். அது ஏற்கப்படவில்லை. நாட்டைப் பிளந்ததே தனித்தொகுதிதான் என்று பெரும்பாலானோர் நினைத்தார்கள். 1949-இல் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டுத் தொகுதிகளும் வேண்டாம் என்று முடிவானது. லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த ஜெரோம் டிசோசா அடிகளார், கிறிஸ்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஒதுக்கீடு தேவையில்லை என்ற பக்கம் நின்றார். நம் ஊர்க்காரர்கள் இருவர், இரண்டு வழி. ஒருவர், பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றார். இன்னொருவர், தனியாக நின்றால் சந்தேகம்தான் வளரும், சேர்ந்து நின்று நம்பிக்கையைச் சம்பாதிக்கலாம் என்றார். எனக்கு இருவர் மீதும் மரியாதை உண்டு. ஆனால் எழுபது ஆண்டுத் தேர்தல்களைப் பார்த்த பிறகு, மக்களவையில் முஸ்லிம் உறுப்பினர்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கை ஒருமுறைகூட எட்டாததைப் பார்த்த பிறகு, காயிதே மில்லத்தின் கவலை வெறும் கவலையாக எனக்குத் தெரியவில்லை.

1948 மார்ச் 10 அன்று, இப்போது ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தில், இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அவர் தொடங்கினார். அந்தச் சூழலில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்பதற்கே பெரும் துணிச்சல் வேண்டும். கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற அழுத்தம் எல்லாப் பக்கமும் இருந்தது. 'நீ இந்த நாட்டுக்காரன்தானா, நிரூபி' என்று சிறுபான்மையினரிடம் கேட்பதுதான் தேசியத்தின் முதல் பழக்கம். நிரூபித்த பிறகும் அந்தக் கேள்வி ஓய்வதில்லை. இந்தியா பாகிஸ்தான் கிரிக்கெட் நடக்கும் நாளில் வகுப்பில் ஒரு முஸ்லிம் பையனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பதை நான் ஆசிரியராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அவனை யாரும் திட்டவில்லை. அந்தப் பார்வைக்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை.

ஒருமைப்பாட்டு அடையாளத்தை வற்புறுத்தும் தேசியத்துக்கும் மனசாட்சிக்கும் மோதல் வந்தபோது நம் உச்ச நீதிமன்றம் ஒருமுறை மிக நேர்மையாக நடந்துகொண்டது. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. கடவுளைத் தவிர வேறு எதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எழுந்து நிற்பதே போதிய மரியாதை என்று தீர்ப்பளித்தார். நாட்டில் மிகச் சிறிய எண்ணிக்கையில் இருக்கும் ஒரு சபையின் மூன்று பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு அது. சிறுபான்மை உரிமை என்ற தலைப்பில் ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

இந்திய மதச்சார்பின்மை பிரான்ஸைப் போல மதத்திலிருந்து விலகி நிற்பதில்லை. எல்லா மதத்துக்குள்ளும் கை வைக்கும். கோயில் நுழைவை உறுதி செய்ய அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலேயே அரசுக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை கோயில்களை நிர்வகிக்கிறது. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி தருகிறது. ஜெருசலேம் பயணத்துக்கும் மானசரோவர் பயணத்துக்கும் உதவித்தொகை உண்டு. மகாவீர் ஜயந்தியன்று சென்னையில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். எல்லோருக்கும் கொஞ்சம் கொடுக்கும் இந்த முறையில் ஒரு கனிவு இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடக் கூடியது எதுவும் உரிமை ஆகாது. அரிசி நின்றால் நீதிமன்றம் போக முடியாது. 30-ஆம் பிரிவின்படி சொந்தக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையில் கை வைத்தால் போகலாம். நியூ காலேஜும் லயோலாவும் நிற்பது இந்த இரண்டாவது வகை நிலத்தில்.

அறநிலையத் துறை பற்றி ஒரு குறை பரவலாகச் சொல்லப்படுகிறது. கோயிலை மட்டும் அரசு கையில் வைத்திருக்கிறதே, சர்ச்சையும் மசூதியையும் தொடுவதில்லையே, இது பெரும்பான்மைக்கு இழைக்கும் அநீதி இல்லையா என்கிறார்கள். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு மதத்தின் உண்டியலுக்கு அரசு அதிகாரி கணக்கு எழுதுவது கொள்கை அளவில் பொருந்தாத காரியம்தான். ஆனால் வரலாறும் தெரிய வேண்டும். 1817-இலேயே சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் சொத்துகளைக் கண்காணிக்கச் சட்டம் போட்டது. 1925-இல் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த சட்டம், சொத்தைத் தின்ற தர்மகர்த்தாக்களைக் கேள்வி கேட்கவே பிறந்தது. பூட்டிய கதவுகளைத் தலித் மக்களுக்குத் திறந்ததிலும் சட்டத்தின் கைக்குப் பங்கு உண்டு. வக்ஃபு வாரியமும் சட்டத்தால் ஏற்பட்ட அமைப்புதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயிலின் நிர்வாகம் பற்றிய இந்தக் குறையால் எந்த இந்துவுக்கும் சென்னையில் வாடகை வீடு மறுக்கப்படுவதில்லை. முஸ்லிம் என்று தெரிந்ததும் 'வீடு வேறு ஒருவருக்குப் பேசிவிட்டோம்' என்ற பதிலைக் கேட்ட மாணவர்கள் எனக்கு எத்தனையோ பேர். இரண்டு குறைகளையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

பிரான்ஸில் பார்த்தது இங்கேயும் உண்டு. அரசு அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் வைப்பதை யாரும் மதம் என்று நினைப்பதில்லை. அது நம் வழக்கம், நம் கலாச்சாரம். அரசுக் கட்டடத்துக்குப் பூமி பூஜை போடுவதும் அப்படியே. அண்ணா ஆட்சியில், 1968-இல், அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. பெரும்பாலான அலுவலகங்களில் படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இதை எழுதுவது சுண்டலை நிறுத்தச் சொல்ல இல்லை. அந்தச் சுண்டலை வாங்கிக்கொள்ளும் முஸ்லிம் ஊழியர், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கூடுதலாக அரைமணி நேரம் கேட்டால் அது மட்டும் 'மதச் சலுகை' ஆகிவிடுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லத்தான்.

சலுகை அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1986 ஒன்றே போதும். கணவர் விவாகரத்து செய்த ஷா பானு என்ற முதிய முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சொன்னது. முஸ்லிம் மதத்தலைவர்களைச் சமாதானப்படுத்த 1986 மே மாதம் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பை நீர்க்கச் செய்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, பிப்ரவரி 1 அன்று, அயோத்தியில் பாபர் மசூதியின் பூட்டு இந்துக்கள் வழிபடுவதற்காகத் திறக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் ஒவ்வொன்று கிடைத்தது. ஷா பானுவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சிறுபான்மைக்குள் இருக்கும் பெண்ணும் ஏழையும் தங்கள் சமூகத்தின் தலைவர்கள் வழியாகத்தான் அரசிடம் பேச முடியும் என்று வைத்தால் இப்படித்தான் முடியும். பிறகு ஆறே ஆண்டுகளில் மசூதியே இடிக்கப்பட்டது. இன்றும் டிசம்பர் 6 வந்தால் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மோப்ப நாய்களோடு சோதனை நடக்கிறது. பதின்ம வயதில் இருக்கும் உங்கள் தம்பி தங்கைகளுக்கு அது ஏன் என்றே தெரியாது.

சரி, தமிழ்நாடு விதிவிலக்கா? ஓரளவுக்கு ஆம். அதற்குக் காரணம் நம் குணத்தின் உயர்வு என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணங்கள் வரலாற்றில் இருக்கின்றன. இங்கே இஸ்லாம் பெரும்பாலும் கடல்வணிகம் வழியாகக் கடற்கரையோரம் வேரூன்றியது. மரைக்காயரும் ராவுத்தரும் லெப்பையும் தமிழில் பேசி, தமிழில் காப்பியம் பாடியவர்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் தமிழ் இலக்கிய வரலாற்றில் தனிப்பெட்டியில் கிடப்பவை இல்லை. இரண்டாவது, 1920-களில் வந்த வகுப்புவாரி அரசாணை. 12 அரசு வேலைகளில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என்று அது பங்கிட்டது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அந்த ஆணை செல்லாது என்றானது. ஆனால் அரசு என்பது எல்லோரும் பங்கு கேட்கக்கூடிய இடம் என்ற பழக்கம் இந்த மண்ணில் தங்கிவிட்டது. இன்றைக்கு முஸ்லிம்களுக்கு இருக்கும் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. இங்கே வளர்ந்த தேசியம் மொழியை மையமாகக் கொண்டது. 1930-களின் இறுதியில் இந்தித் திணிப்பு எதிர்ப்பு நடந்தபோது, சட்டமன்றத்தில் பி. கலிபுல்லா தான் ஒரு ராவுத்தர், தன் தாய்மொழி தமிழ்தான், உருது இல்லை என்று எழுந்து பேசினார். மதத்தை அளவுகோலாக வைத்த தேசியத்தில் அவர் வெளியாள். மொழியை அளவுகோலாக வைத்த தேசியத்தில் அவர் முன்வரிசைக்காரர். பெரியாரும் அண்ணாவும் மீலாது மேடைகளில் பேசினார்கள். கடவுளே இல்லை என்றவரை நபிகள் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். இப்படி ஒரு பொதுவெளி இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு உருவாகவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் மொழித் தேசியமும் நிபந்தனையோடுதான் கதவைத் திறக்கிறது. திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்கு கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'தமிழ்நாட்டில் இருந்துகொண்டு உருது எதற்கு' என்ற கேள்வியையும் 'இந்தியாவில் இருந்துகொண்டு தமிழ் எதற்கு' என்ற கேள்வியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

விதிவிலக்கு என்ற சொல்லுக்கு நம் ஊரின் சில ஆண்டுகளே மறுப்புச் சொல்லும். 1982-இல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து கிறிஸ்தவர் கலவரம். 1980-களில் சென்னையில் தெருவோரப் பெரிய பிள்ளையார் சிலைகளும் ஊர்வலமும் பரவத் தொடங்கின. 1990-இல் ஐஸ் ஹவுஸ் மசூதிப் பக்கம் அந்த ஊர்வலத்தில் வன்முறை வெடித்தது. அதன் பிறகு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதே ஆண்டுதோறும் காவல்துறைக்குப் பெரிய வேலையானது. 1997 இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து முஸ்லிம்கள் மீது பெரும் வன்முறை. 1998 பிப்ரவரி 14-இல் குண்டுவெடிப்புகள், 58 உயிர்கள். 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. எல்லாவற்றையும் மறந்துவிட்டு நாம் நல்லிணக்கத்தின் தொட்டில் என்று பேசக் கூடாது.

மொழித் தேசியம் தன் நிபந்தனையை எவ்வளவு தூரம் கொண்டு செல்ல முடியும் என்பதைக் காட்டியது ஈழம். இதைத் தமிழில் எழுதுவது கடினம். ஆனால் எழுதாமல் இந்தப் பதில் முடியாது. இலங்கையின் சோல்பரி அரசியல் சட்டத்தில் 29-ஆம் பிரிவு இருந்தது. எந்த இனத்துக்கும் மதத்துக்கும் பாதகமான சட்டம் போடக் கூடாது என்றது அது. பார்த்தால் நம் அரசியல் சட்டத்துக்கு இணையான பாதுகாப்பு. ஆனால் 1948-இலேயே மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கிலும் அந்தப் பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1972-இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது. நாடு சிங்கள பௌத்தருடையது என்ற எண்ணம் முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

அந்த அநீதியை எதிர்த்து எழுந்த தமிழ்த் தேசியம் தன் கையில் துப்பாக்கி வந்தபோது என்ன செய்தது? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். தாய்மொழி தமிழாக இருந்தும் அவர்களைத் தமிழர் கணக்கில் சேர்க்கவில்லை. ஒடுக்கப்பட்டவர் என்பதால் ஒருவருக்குத் தன் நடுவே இருக்கும் சிறுபான்மையை மதிக்கும் பண்பு தானாக வந்துவிடாது. இந்த விஷயத்தில் சென்னையின் மேடைகள் நீண்ட காலம் மௌனமாக இருந்தன. அது என்னை இன்றும் வருத்துகிறது.

இதே இலங்கைத் தமிழர்களை நம் நாட்டுச் சட்டம் நடத்தும் விதத்தையும் பாருங்கள். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தினருக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. முஸ்லிம்களை விட்டது. இலங்கையையும் விட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட அகதி முகாம்களில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கணிசமானோர் கிறிஸ்தவர்கள். மத அடிப்படையில் பார்த்தால்கூட அவர்களுக்கு இடம் இருந்திருக்க வேண்டும். குடியுரிமைக்கு முதல்முறையாக மதத்தை அளவுகோலாக்கிய சட்டம் அது. அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களே யாரை அளப்பது என்பதையும் முடிவு செய்தார்கள். அந்த டிசம்பரில் பெசன்ட் நகரில் பெண்கள் வாசலில் கோலம் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காவல்துறை அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் தடியடி. கோலம் போட்டவர்களில் இந்துப் பெண்களும் உண்டு என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சிறுபான்மையினர் மட்டுமே சிறுபான்மையினருக்காகப் பேசும் நாட்டில் எந்தச் சட்டப் பிரிவும் நெடுநாள் நிற்காது.

கடைசியாக, நம் மாநிலத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆக முடியும் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தேவாலயத்தில் தனி வரிசையையும் தனிக் கல்லறையையும் பார்த்தவர் அவர். சேரி மாறவில்லை, ஊர்த்தெரு அவரைப் பார்க்கும் பார்வை மாறவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதியில் போட்டியிடும் அவருடைய உரிமையையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறது. எந்த மதத்திலும் இருக்கலாம் என்கிறது 25-ஆம் பிரிவு. இந்த மண்ணில் பிறந்த மதங்களில் இருந்தால்தான் உன் காயத்துக்கு மருந்து என்கிறது அந்த ஆணை. நீங்கள் கேட்ட தேசியமும் மதச்சார்பின்மையும் ஒரே அரசாங்கத் தாளில் சந்திக்கும் இடம் இதுதான். இதை எதிர்த்து 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து வருகிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையமும் அமைத்தது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சேரிகளில் இதை வாழ்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், சென்னையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.